போ சுவிட்ச்

முப்பத்தோரு வருஷம் டெலிபோன் கேபிளோடு குடித்தனம் நடத்தியவன் நான். திருத்தணியில் லைன்மேனாகச் சேர்ந்து, மணவூரிலிருந்து ஆந்திரா எல்லை வரைக்கும் நான் ஏறாத கம்பம் இல்லை, இறங்காத குழி இல்லை. மழைத்தண்ணீர் தேங்கிய குழிக்குள் குந்திக்கொண்டு நூறு ஜோடி ஒயரை ஜோடி மாறாமல் இணைத்துவிட்டு, மேலே வந்து கையைக் கழுவாமல் டீ குடித்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னை, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு கேபிள், எட்டே எட்டு ஒயர் உள்ள கேபிள், ஒன்றரை மாதம் சந்தி சிரிக்க வைத்துவிட்டது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த எரிச்சலில் பாதி கேபிள் மேல். மீதி யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்லாம் பின்கேட்டில் ஆரம்பித்தது. எங்கள் வீடு அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்பக்கம் தெரு, பின்பக்கம் சந்து. பின்பக்கத்தில் துணி துவைக்கிற கல், மோட்டார், ஒரு முருங்கை மரம், கறிவேப்பிலைச் செடி, அப்புறம் சந்துக்குத் திறக்கிற தகர கேட்டு. ரிட்டயர் ஆன பிறகு தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்றே முக்காலுக்குத் திரும்பக் கடைக்குப் போய்விடுவேன். ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் கேட்டின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. அடுத்த வாரமும் அப்படியே. மழை பெய்த ஒருநாள் ஈர மண்ணில் செருப்புத் தடம், சின்னக் காலாக. கறிவேப்பிலையில் ஒரு கிளை ஒடிந்திருந்தது.

"காத்துக்குத் தொறந்துகினு இருக்கும்ங்க" என்றாள் என் மனைவி.

"காத்து வந்து கறிவேப்பிலை ஒடிச்சுகினு போவுமா?"

"ஆடு மேஞ்சிருக்கும்."

"ஆடு செருப்பு போட்டுகினு வருமாடி?"

அவள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். எங்கள் நைனா, என்னைப் பெற்றவர், டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரை விசாரித்தேன். "மத்தியானத்துல யாரோ பொம்பள மாதிரி நின்னுகினு இருந்தாங்க சார்" என்றார். பொம்பளை மாதிரி என்றால் என்ன அர்த்தம்? பொம்பளையா இல்லையா? கேட்டால், "ஆங், வெயிலு கண்ணக் கூசிச்சு" என்று மழுப்பினார். அவரும் இந்தக் கூட்டில் ஒரு ஆள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தெரியாதது எனக்கு மட்டும்தான். உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்துபோய்க்கொண்டிருந்தது என் அக்கா.

அக்காவைக் கொடுத்திருப்பது பொதட்டூர்பேட்டையில். வீட்டிலேயே தறி, லுங்கி நெசவு. எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் நைனாவும்தான் பக்கத்தில் இருந்தோம். அக்காவுக்குப் போன் பண்ணியது நான். அவள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அம்மாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவள் சொந்தபந்தம் அத்தனைபேர் முன்னாலும், "எங்கம்மா உசுரோட இருக்கறப்ப என்னைப் பார்க்க வுடாம பண்ணிட்டான்" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தெரிந்த அடுத்த நிமிஷமே போன் பண்ணினேன் என்று நான் சொன்னேன். அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன். பதினாறாம் நாள் கருமாதி அன்று அவள் மறுபடியும் அதே பாட்டைப் பாடினாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"போ" என்றேன்.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிச் சொல்வதில்லை. தெருமுனைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவனைக்கூட, "போய்ட்டு வா" என்றுதான் அனுப்புவோம். போகிறவனும் "வரேன்" என்றுதான் சொல்வான். நான் என்னைவிட நாலு வயசு மூத்தவளை, அம்மாவின் போட்டோவுக்கு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, வெறும் "போ" என்றேன். அவள் போனாள். பாவா, அக்கா புருஷன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். அதோடு சரி.

நைனாவுக்கு எண்பத்து நான்கு. இதற்காக என்னை ஒருநாளும் திட்டியதில்லை. ஒரே ஒருதரம், பொங்கலுக்குச் சீர் கொண்டுபோக ஆள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தபோது, "அவதான் அவங்க அம்மாவப் பார்க்காம வுட்டா. நான் கண்ண மூடறப்பவாவது அவ கிட்ட இருக்கணும்" என்றார். நான் காதில் விழாத மாதிரி எழுந்து போய்விட்டேன். என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அவர் அன்றைக்கே முடிவு பண்ணியிருக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் நான் கடைக்குப் போனதும் இரண்டு மணிக்கு அக்கா சந்து வழியாக வருவாள். யாராவது கேட்டால் மலைக்குச் சாமி கும்பிடப் போகிறேன் என்று பஸ்ஸில் சொல்லிக்கொள்வாளாம். ஒரு மணி நேரம் நைனா பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்ததை அவர் சாப்பிடுகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போவாள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவர் வாரம் பூராவும் உயிரைப் பிடித்து வைத்திருந்தார். அதை ஒழிக்கத்தான், எனக்கே தெரியாமல், நான் கேமரா வாங்கப் போனேன்.

கேமரா கடை வைத்திருப்பது ஒரு அம்மா. நாற்பது வயசு இருக்கும், தொழிலில் கெட்டிக்காரி. "இந்தக் கேபிள்லயே கரண்டும் போவும், படமும் வரும் சார். ஒவ்வொரு கேமராவுக்கும் தனியா கரண்டு ஒயரு இழுக்க வேணாம். நடுவுல ஒரு போ சுவிட்ச் வெச்சா முடிஞ்சுது" என்றது.

"டெலிபோன்ல அந்தக் காலத்துலேர்ந்து இதத்தாம்மா பண்ணிகினு இருந்தோம். வூட்ல கரண்டு இல்லன்னாலும் போன் அடிச்சுதே, எப்டி? ஒயர்லயே கரண்டு அனுப்சோம்."

"சரிங்க சார். மாட்டறதுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"எதுக்கு? நானே ஆள்தான்" என்றேன். இந்த வாய் இருக்கிறதே, இதுதான் எனக்குச் சத்துரு.

நாலு கேமரா, ஒரு ரெக்கார்டர் பெட்டி, ஒரு சுருள் கேபிள், அந்த சுவிட்ச் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினேன். நைனா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"போ சுவிட்ச் நைனா."

"இன்னா சுவிட்ச்சு?"

"போ."

சமையலறையில் மனைவியின் மிக்சி நின்றது. நைனா என்னையே பார்த்தார். "வூட்டுக்குள்ள வெக்கற பொருளுக்கு இன்னாடா பேரு இது? இந்த வூட்ல ஒரு தபா சொன்னது பத்தாதா?"

இங்கிலீஷில் அது பி, ஓ, இ என்று மூன்று எழுத்து, சேர்த்துப் படித்தால் அப்படி வருகிறது, கேபிளில் கரண்டு அனுப்புகிற முறைக்கு அந்தப் பேர் என்று தொண்டை வற்ற விளக்கினேன். "இங்கிலீஷ்ல இன்னா வேணா இருக்கட்டும். என் காதுல தமிழ்லதான் வுழுது" என்றார். கடைசியில் என் மனைவிதான் பஞ்சாயத்து பண்ணி, இனிமேல் இந்த வீட்டில் அதற்கு "அந்தப் பெட்டி" என்று பேர் வைத்தாள். ஒரு சுவிட்சுக்குப் பேர் வைக்கிறதுக்கே அரைநாள். வேலை எப்போது ஆரம்பிக்கிறது?

வேலையைக் கேட்காதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவர். டிரில்லர் பிட்டு நாலு அங்குலம் போனதும் செங்கல் பொலபொலவென்று கொட்டி, ஒயர் போக ஓட்டை கேட்டால் எலி போக ஓட்டை கிடைத்தது. அதை அடைக்கச் சிமெண்ட். சிமெண்ட் காய்வதற்குள் மனைவி பெருக்கித் தள்ளியதில் கேபிள் வெளியே வந்துவிட்டது. பரணில் தவழ்ந்து தவழ்ந்து முட்டி தேய்ந்தது. கூடத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் வளைந்து வளைந்து போனதில் அந்த ஒரு கேபிள் மட்டும் நாற்பது மீட்டர் குடித்துவிட்டது.

பிறகு கேபிள் முனையில் கனெக்டர் மாட்டுகிற வேலை. எட்டு ஒயரையும் வரிசையாக அந்தக் கண்ணாடி மாதிரி மூக்குக்குள் செருகி, கிரிம்பர் என்கிற இடுக்கியால் ஒரு அமுக்கு. கலர் வரிசையா, எனக்கா சொல்லித் தரவேண்டும்? நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முப்பத்தோரு வருஷம் அதே மந்திரம். நீல ஜோடி, ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, பிரவுன் ஜோடி என்று இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்தேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எட்டு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாக எரிந்தது. கைதட்டல் கேட்காத குறைதான்.

வாசல் கேமரா உடனே வந்தது. சைடு கேமரா வந்தது. மாடியும் வந்தது. பின்பக்கத்துக் கேமராவில் கரண்டு இருக்கிறது, இருட்டினால் கண் சிவப்பாக எரிகிறது, ஆனால் படம் வரமாட்டேன் என்கிறது. வந்தாலும் முருங்கை மரம் துண்டு துண்டாக நிற்கிறது. கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு வேறு அடித்தேன். எட்டு விளக்கும் பச்சை. படம் இல்லை. மறுபடி வெட்டினேன். பச்சை. இல்லை. ஒன்பது கனெக்டர் வெட்டினேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். "ஆள் கூப்புடலாம்ங்க" என்று மனைவி சொன்னதற்கு நான் கத்திய கத்தல் தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

கடைசியில் ஒரு துண்டுக் கேபிளைக் கனெக்டரோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒரே பார்வைதான் பார்த்தது.

"யாரு சார் அடிச்சது இது?"

"ஒரு ஆளு" என்றேன்.

"மூணாவது காலும் ஆறாவது காலும் ஒரே முறுக்கு ஜோடியில வரணும் சார். இதுல மூணாவது ஆரஞ்சு ஜோடி, ஆறாவது பச்ச ஜோடி. டெஸ்டர்ல எல்லாம் சரின்னுதான் காட்டும். கரண்டும் போவும். கிட்டத்துல படமும் வரும். தூரமா போனா ஒண்ணோட பேச்சு இன்னொண்ணுல கலந்துடும். இது டெலிபோன்காரங்க அடிக்கிற வரிசை. அந்த ஆளை இனிமே கூப்புடாதீங்க."

"கூப்புட மாட்டேன்" என்றேன். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே அது வருவதில்லை.

வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் வரிசையை மாற்றி அடித்தேன். முருங்கை மரம் இலை இலையாகத் தெரிந்தது. அந்தப் பெட்டியில் ஒவ்வொரு கேபிளுக்கும் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் "வாசல்", "சைடு", "மாடி", "பின்பக்கம்" என்று எழுதினேன். நைனா ரொம்ப அக்கறையாக வந்து நின்று, "எது எதுக்குடா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட, நம் வேலையில் ஒருத்தருக்காவது ஆர்வம் வந்ததே என்று உட்காரவைத்துச் சொன்னேன். "இந்தச் சின்ன நாக்க அமுக்கிகினு இழுத்தா வந்துடும் நைனா. திருப்பிச் செருகினா டக்குன்னு ஒரு சத்தம் வரும். கேமராவுக்கு இங்கேர்ந்துதான் கரண்டு போவுது, அதனால இத உருவினா அங்க எல்லாம் செத்துப்போவும்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் கையாலேயே சாவியைக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பதிவைத் திறந்தால், பின்பக்கத்துக் கேமராவில் நாலரையிலிருந்து ஐந்தரை வரைக்கும் ஒன்றுமே இல்லை. கறுப்பு. அதற்கு முன்னும் பின்னும் பளிச்சென்று இருக்கிறது. புதன், வியாழன் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடியும் நாலரைக்குப் போய்விட்டது. கனெக்டர்தான் என்று வெட்டி அடித்தேன். அடுத்த செவ்வாய், நாலரை. கேமராவைக் கழற்றி மாடிக் கேமராவோடு மாற்றினேன். வெள்ளி, நாலரை. செவ்வாயும் வெள்ளியும் மலையில் கூட்டம் அதிகம், அத்தனை பேர் போனும் சேர்ந்து ஏதாவது பண்ணுகிறதோ என்றுகூட யோசித்தேன். ஒயரில் போகிற படத்துக்கும் மலைமேல் இருக்கிற போனுக்கும் என்ன சம்பந்தம்? புத்தி அந்த அளவுக்குப் பேதலித்துப்போயிருந்தது.

"முருகனுக்கு ஒவந்த நாளுங்க. கேமராவும் விரதம் இருக்குது போல" என்றாள் மனைவி. அப்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தாலே பாதி தெரிந்திருக்கும்.

அடுத்த செவ்வாய் கடையைப் பாதியில் மூடிவிட்டு நாலு மணிக்கே வந்து, பின்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு கண் கேட்டு மேல், ஒரு கண் போனில் வருகிற கேமராப் படத்தின் மேல். நாலரை ஆயிற்று. படம் அசையாமல் வருகிறது. ஐந்து. வருகிறது. ஐந்தரைக்கு எழுந்து உள்ளே போய்ப் பதிவைத் திறந்தால், நாலரையிலிருந்து ஐந்தரை வரைக்கும் கறுப்பு! என் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த கேமரா ஓடவில்லை என்று ரெக்கார்டர் சாதிக்கிறது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பதிவை இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். அதில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெயில் அடிக்கிறது. ஓரத்தில் மணி ஏழு என்று போட்டிருக்கிறது.

அட கஷ்டகாலமே. ரெக்கார்டர் எந்த ஊரில் செய்தார்களோ அந்த ஊர் மணியை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போனில் நேராகப் பார்க்கும்போது மணி தெரியாது, பழைய பதிவில்தான் தெரியும். கேமரா போவது நாலரைக்கு இல்லை, இரண்டு மணிக்கு. நான் கடைக்குப் போன கால் மணி நேரத்தில்.

இந்த இடத்திலாவது ஒரு மனுஷனுக்கு உறைக்க வேண்டுமா இல்லையா? எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மணிக்கு மனைவி பெருக்கும்போது துடைப்பம் பட்டு பிளக் நழுவுகிறது என்று தீர்மானித்தேன். லைன்மேன் புத்தி. தெருவில் இருக்கிற டெலிபோன் பெட்டிக்குப் பூட்டு போடுவோம், அதையே இங்கும் போட்டேன். பழைய இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, சுவிட்சை அதற்குள் வைத்துச் சுவரில் அடித்து, பூட்டைத் தொங்கவிட்டேன்.

"பூட்டாதீங்க" என்றாள் மனைவி.

"ஏன்?"

"சூடாயிடும்னு சொன்னேன்."

"ஓட்ட போட்டிருக்கேன், காத்து போவும்."

அவள் நைனாவைப் பார்த்தாள். நைனா சாவியைப் பார்த்தார். நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை.

இரண்டு மணிக்கு ஜெராக்ஸ் எடுக்க நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்துப் பின்பக்கத்துக் கேமராவைத் திறந்தேன். படம் வந்தது. அத்தனை செவ்வாய், வெள்ளியில் முதல்தடவையாக அந்த நேரத்தில் படம் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நைனா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கேமராவை நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே வீசினார். எட்டவில்லை. குனிந்து எடுத்து இன்னொரு தரம் வீசினார். எண்பத்து நாலு வயசு மனுஷன். மூன்றாவது தரம் வீசும்போது கால் தடுமாறித் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது கேட்டு கொஞ்சமாகத் திறந்தது.

இந்தக் கேமராவில் சத்தமும் கேட்கும். நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன்.

"இன்னா நைனா, இன்னிக்கு ஒயரு புடுங்கலையா?"

மூன்று வருஷம் கேட்காத குரல்.

"பூட்டு போட்டுட்டாம்மா."

"அப்ப நான் உள்ள வரல. மறுபடியும் அவன் கத்துவான், ஒனக்குத்தான் நெஞ்சு தாங்காது."

"வாசப்படியிலயே நின்னுக்க. நான் அங்கயே துண்றேன்."

"வேணா நைனா. கேமராவுல மூஞ்சி வுழுந்துடும். நீ உள்ள போ... உள்ள போய்ட்டு வா. வெயிலு கொளுத்துது."

கேட்டு இடுக்கு வழியாக ஒரு கை தூக்குச்சட்டியை நீட்டியது. நைனா தூக்குச்சட்டியை வாங்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. தகர கேட்டுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். முகம் தெரியவில்லை, கை மட்டும். பிறகு அவளாகவே விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினாள். செருப்புச் சத்தம் சந்தில் போனது. நைனா கல்மேல் உட்கார்ந்தார்.

நாலு பேரையும் அப்படியே நிற்கவைத்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இழுத்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பொதட்டூர்பேட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது, கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. எதிரே சிமெண்ட் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்தில் முடி பூராவும் வெளுத்துவிட்டது. மடியில் அந்தத் தூக்குச்சட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

"ஒக்காருக்கா" என்றேன்.

"கேமராவுல மூஞ்சி வுழுந்துச்சா?"

"இல்ல. கை மட்டுந்தான்."

"திருடிக்கினு போவ வரலடா நான்."

"தெரியும்."

"அவரு நல்லா இருக்கறப்பவே பார்த்துகினு இருக்கேன். நீ போன் பண்ணி நான் வந்து சேர்ற கதையெல்லாம் எனக்கு இன்னொரு தபா வேணாம்."

கேமராவுக்கு ஒரு வழி பண்ணுகிறேன், முன்வாசலாக வா, எந்நேரமும் வா என்றெல்லாம் சொல்லத்தான் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் அது ஒன்றும் வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"அன்னிக்கு டாக்டரு காலைல பத்து மணிக்கே சொல்லிட்டாருக்கா. யாருக்காச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்கன்னாரு. நான் ஒனக்கு ஒரு மணிக்குத்தான் பண்ணேன்."

அவள் தூக்குச்சட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வந்தா அழுது ரகளை பண்ணுவ, அம்மா பயந்துக்கும்னு நெனச்சேன். சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். தாங்கல. அப்புறம் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்டித் தெரியும்?"

"நைனா பக்கத்துலதான குந்திகினு இருந்தாரு. அன்னிக்கு ராத்திரியே என்கிட்ட சொல்லிட்டாரு."

"அப்ப கருமாதி அன்னிக்கு, அத்தினி பேரு முன்னாடி நான் இல்லவே இல்லன்னு சாதிச்சேனே. நைனா சொன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாய மூடியிருப்பனே. ஏன்க்கா சொல்லல?"

பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில். அதுதான் தாங்க முடியவில்லை.

"சொன்னது அவருன்னு தெரிஞ்சுதுன்னா, அப்புறம் அவரு ஒன் வூட்ல ஒக்காந்து எப்டிடா சோறு துண்ணுவாரு?"

பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. அவள் அதில் ஏறவில்லை.